கியூபாவில் குடித்தனம் நடத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கியூபா என்று பேச்சு எடுத்தாலே நம் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "எல்லாம் அமெரிக்கா பண்ணுகிற வேலை" என்பது ஒன்று. "கம்யூனிசம் வந்தால் இப்படித்தான்" என்பது இன்னொன்று. அரிசி எங்கே வாங்குகிறார்கள், கரண்ட் போனால் எதில் சமைக்கிறார்கள், காய்ச்சல் மாத்திரைக்கு என்ன செய்கிறார்கள் என்று இரண்டு கட்சியுமே கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டியிருந்தது. பல வருடமாகப் படித்தும் கேட்டும் சேர்த்ததை, என்னிடம் வழக்கமாக வரும் கேள்விகளின் வரிசையிலேயே எழுதுகிறேன்.

தடை என்றால் என்ன? கப்பலை நிறுத்தி மறித்துவிட்டார்களா?

கப்பலை நிறுத்தி மறித்தது 1962 அக்டோபரில், சோவியத் ஏவுகணைகள் கியூபாவுக்கு வந்ததால் எழுந்த நெருக்கடியின்போது, சில வாரங்கள். அறுபது வருடத்துக்கும் மேலாக நாம் பேசிக்கொண்டிருக்கும் தடை, கடலில் இல்லை, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

கதை இப்படிப் போகிறது. 1959 ஜனவரி 1 அன்று கியூபாவை ஆண்டுவந்த சர்வாதிகாரி பத்திஸ்தா நாட்டைவிட்டு ஓடினார், ஃபிடல் காஸ்ட்ரோவின் படை ஆட்சியைப் பிடித்தது. அடுத்த வருடம் சோவியத் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க அங்கிருந்த வெளிநாட்டு ஆலைகள் மறுத்தன. கியூபா ஆலைகளை எடுத்துக்கொண்டது. அமெரிக்கா கியூபச் சர்க்கரை வாங்குவதை வெட்டியது. கியூபா மீதி இருந்த அமெரிக்கச் சொத்துகளையும் நாட்டுடைமை ஆக்கியது. நீ ஒன்று, நான் ஒன்று என்று ஏறிக்கொண்டே போய், 1960 அக்டோபரில் ஏற்றுமதித் தடை வந்தது. 1962 பிப்ரவரியில் கென்னடி போட்ட கையெழுத்தில் அது முழு வர்த்தகத் தடையானது. கையெழுத்துப் போடும் முன் தன் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரை அனுப்பி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கியூபச் சுருட்டுகளை வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டார் கென்னடி. இதைப் பின்னாளில் சொன்னவர் சாலிஞ்சரேதான்.

நோக்கம் என்ன என்பதிலும் மர்மம் ஒன்றும் இல்லை. 1960 ஏப்ரல் 6 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரி லெஸ்டர் மேலரி எழுதிய உள்குறிப்பு பிறகு வெளியானது. மக்களில் பெரும்பாலோர் காஸ்ட்ரோவை ஆதரிக்கிறார்கள், அதனால் பணமும் பொருளும் போகாமல் செய்து பசியையும் விரக்தியையும் உண்டாக்கி ஆட்சியைக் கவிழ்க்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

அமெரிக்கர்கள் இதை வர்த்தகத் தடை என்கிறார்கள். கியூபர்கள் 'எல் புளொக்கேயோ', முற்றுகை, என்கிறார்கள். எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்பதை வைத்தே பேசுபவர் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துவிடலாம். நான் தடை என்றே எழுதுகிறேன், எழுதச் சின்னது.

அமெரிக்கா விற்காவிட்டால் போகட்டும். உலகத்தில் வேறு நாடே இல்லையா?

இருக்கிறது. சீனா, ஸ்பெயின், வியட்நாம், கனடா எல்லோரும் கியூபாவோடு வியாபாரம் செய்கிறார்கள். ஆனால் அந்த வியாபாரம் நம் வியாபாரம் போல நடக்காது.

கியூபத் துறைமுகத்தில் சரக்கு இறக்கிய கப்பல் அடுத்த 180 நாட்களுக்கு அமெரிக்கத் துறைமுகத்துக்குள் வரக்கூடாது என்று அமெரிக்காவின் 1992 டாரிசெல்லி சட்டம் சொல்கிறது. கப்பல் முதலாளியின் இடத்தில் இருந்து பாருங்கள். அமெரிக்கச் சந்தையை ஆறு மாதம் இழந்து ஒரு சின்னத் தீவுக்கு யார் போவார்? போகிறவர் அதற்குத் தகுந்த வாடகை கேட்பார். அடுத்தது பத்து சதவீதக் கணக்கு. ஒரு கருவி ஜெர்மனியில் செய்ததாக இருந்தாலும், அதில் அமெரிக்கப் பாகங்களின் மதிப்பு பத்து சதவீதத்தைத் தாண்டினால் அமெரிக்க அனுமதி இல்லாமல் கியூபாவுக்கு விற்க முடியாது. மருத்துவக் கருவிகளில் இந்த வரம்பு சுலபமாகத் தாண்டிவிடும். கியூபாவுக்கு மூச்சுக் கருவிகள் கொடுத்துவந்த இரண்டு சுவிஸ் நிறுவனங்களை ஓர் அமெரிக்க நிறுவனம் வாங்கியது. 2020இல் கொரோனா நேரத்தில் கியூபாவுக்கான சப்ளை நின்றது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் வங்கி. பயங்கரவாதத்துக்கு ஆதரவளிக்கும் நாடுகள் என்று அமெரிக்கா வைத்திருக்கும் பட்டியலில் 1982இல் கியூபா சேர்ந்தது. 2015இல் ஒபாமா எடுத்தார். 2021 ஜனவரியில் டிரம்ப் பதவி முடிய ஒரு வாரம் இருக்கும்போது மறுபடி சேர்த்தார். 2025 ஜனவரி 14 அன்று பைடன் எடுப்பதாக அறிவித்தார், ஆறே நாளில் திரும்பி வந்த டிரம்ப் அதை ரத்து செய்தார். இந்தப் பட்டியலில் பெயர் இருந்தால், சட்டப்படி அனுமதி உள்ள பணத்தைக்கூட வங்கிகள் தொடத் தயங்கும். சூடான், ஈரான், கியூபா பணத்தைக் கையாண்டதற்காக 2014இல் பிரான்சின் பெரிய வங்கி ஒன்று கட்டிய அபராதம் ஏறக்குறைய 900 கோடி டாலர். அதைப் பார்த்த மற்ற வங்கிகள் என்ன செய்யும்?

ஆக, பொருள் கிடைக்காது என்பதில்லை. தூரத்திலிருந்து, கூடுதல் விலைக்கு, கடன் இல்லாமல், தாமதமாகக் கிடைக்கும். நம் தெருவில் ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் எந்தக் கடையிலும் அக்கவுண்ட் கிடையாது, எதையும் பக்கத்து ஊரில் ரொக்கம் கொடுத்து வாங்கிச் சுமந்து வர வேண்டும் என்றால் எப்படியோ, அப்படி.

ஒரு விசித்திரமும் உண்டு. கியூபர்களின் தட்டில் விழும் கோழிக்காலில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்துதான் வருகிறது! 2000இல் வந்த ஒரு சட்டம் உணவுப் பொருள் விற்க அனுமதித்தது. 2001 நவம்பரில் மிச்செல் புயல் தீவைப் புரட்டிப்போட்ட பிறகு முதல் கப்பல்கள் போயின. முக்கிய நிபந்தனை: அமெரிக்கக் கடன் கிடையாது, பணம் முன்கூட்டியே. "தடையா? நாங்கள்தான் கோழி விற்கிறோமே" என்று அமெரிக்க அதிகாரிகள் சொல்வது இதை வைத்துத்தான்.

அங்கேயும் ரேஷன் கார்டு உண்டாமே?

உண்டு. பெயர் 'லிப்ரேத்தா', அதாவது சின்ன நோட்டு. 1962 மார்ச்சில் சட்டமாகி, இன்றுவரை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. ரேஷன் கடைக்குப் பெயர் 'போதேகா'. உயரமான மரக் கவுண்டர், ஒரு தராசு, சுவரில் கரும்பலகை. இந்த மாதம் எது வந்திருக்கிறது, ஆளுக்கு எவ்வளவு, என்ன விலை என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். கடைக்காரர் அளந்து கொடுத்துவிட்டு நோட்டில் அந்த மாதத்துக் கட்டத்தில் பேனாவால் குறித்துக்கொள்வார். நம்மூர் ரேஷன் கடையில் அந்தக் கால அட்டையை நீட்டி நின்றவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம்.

நல்ல காலத்தில் ஆளுக்கு மாதம் ஏழு பவுண்டு அரிசி, அதாவது மூன்று கிலோ சொச்சம். நான்கு பவுண்டு சர்க்கரை, கொஞ்சம் பயறு, எண்ணெய், சில முட்டை, ஒரு பொட்டலம் காபித்தூள். தினம் ஆளுக்கு ஒரு பன். 2010 வரை 55 வயதைத் தாண்டியவர்களுக்கு சிகரெட்டும் ரேஷனில் வந்தது, புகைக்காதவர்கள் வாங்கி விற்றுக் காசு பார்த்தார்கள். இது ஒரு மாதத்துக்கான சாப்பாடு என்று யாரும் நினைக்க வேண்டாம். கெட்டிக்காரத்தனமாகச் சமைத்தால் பத்து, பதினைந்து நாள் ஓடும்.

இப்போது அதுவும் தேய்ந்துவிட்டது. அரிசி ஒரு மாதத்துக்கு உரியது அடுத்த மாதம் வருகிறது. 80 கிராம் இருந்த பன்னை 2024 செப்டம்பரில் 60 கிராம் ஆக்கினார்கள். ஏழு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பால் நிச்சயம் என்பது புரட்சி கொடுத்த வாக்கு. 2024 தொடக்கத்தில் பால் பவுடர் தரும்படி ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்திடம் அந்த அரசே கேட்க வேண்டி வந்தது.

காபியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்ட முடியாது. காபி விளைகிற நாடு, காபி இல்லாமல் வாயைத் திறக்காத ஜனங்கள். ரேஷன் காபியில் பாதி வறுத்த பட்டாணி. விலை ஏறியது என்று 2011இல் மறுபடியும் இந்தக் கலப்பைக் கொண்டுவந்தார்கள். அடுப்பில் வைக்கும் இத்தாலியக் காபிப் பாத்திரத்தின் துளையைப் பட்டாணி மாவு அடைத்துக்கொண்டால் சில சமயம் பாத்திரம் வெடிக்கும். கியூபர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், ஆனால் துணியை மூடிக்கொண்டுதான் அடுப்பருகே போவார்கள்.

எப்போது பார்த்தாலும் வரிசையில் நிற்கிறார்களே, அது எப்படி?

வரிசைக்கு ஸ்பானிய மொழியில் 'கோலா'. நம் கண்ணுக்கு அது வரிசையாகவே தெரியாது. மரத்தடியில் நாலு பேர், எதிர்த் திண்ணையில் மூன்று பேர், ஒருவர் சைக்கிளில் சாய்ந்தபடி. புதிதாக வருபவர் பொதுவாகக் குரல் கொடுப்பார்: "யார் கடைசி?" திண்ணையிலிருந்து ஒரு கை உயரும். அத்தோடு விடமாட்டார், "நீங்கள் யாருக்குப் பின்னால்?" என்றும் கேட்டுக்கொள்வார். கை தூக்கியவர் அலுத்துப்போய் வீட்டுக்குப் போய்விட்டால் அவருக்கு முன்னால் இருந்தவர் யார் என்று தெரிய வேண்டுமே. இந்த இரண்டு முகங்களையும் மனதில் வைத்துக்கொண்டு நிழலாகப் பார்த்து உட்கார்ந்துவிடலாம். கூட்டம் கலைந்து கிடந்தாலும் கணக்கு குலையாது. எனக்குத் தெரிந்து வரிசையை இவ்வளவு நாகரிகமாக்கியவர்கள் வேறு யாரும் இல்லை.

இதிலேயே பிழைப்பும் பிறந்தது. காசு வாங்கிக்கொண்டு அடுத்தவருக்காக வரிசையில் நிற்பவருக்கு 'கொலேரோ' என்று பெயர். 2020இல் அரசு அவர்களைப் பிடிக்கத் தனிப் படையே அமைத்தது.

வெளியே கிளம்பும் கியூபர் பாக்கெட்டிலோ கைப்பையிலோ மடித்த பை ஒன்று இருக்கும். அதை 'ஹாபா' என்பார்கள். எந்தத் தெருவில் எது வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. "சோப்பு எடுத்துவிட்டிருக்கிறார்கள்" என்று யாராவது சொல்வார். கடையில் விற்பனைக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள் என்று பொருள். யார், எங்கிருந்து என்றெல்லாம் கிடையாது. யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள், ஓட வேண்டியதுதான்.

சம்பளம் எவ்வளவு? கட்டுப்படியாகிறதா?

2021 ஜனவரி 1 அன்று, அதுவரை இரண்டாக இருந்த நாணயத்தை ஒன்றாக்கிச் சம்பளத்தையும் விலையையும் மாற்றி அமைத்தார்கள். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 2,100 பெசோ, குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,528 பெசோ. டாலருக்கு 24 பெசோ என்பது அன்று அரசு வைத்த விகிதம். 2024இல் தெருவில் ஒரு டாலர் 300 பெசோவைத் தாண்டியது, 2025இல் 400ஐ. வகுத்துப் பாருங்கள்: 300 பெசோ கணக்கிலேயே அந்தக் குறைந்தபட்சச் சம்பளம் ஏழு டாலர். 2024இல் ஹவானாவில் 30 முட்டை கொண்ட அட்டை 3,000 பெசோவைத் தொட்டது. நாற்பது வருடம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்ற ஒருவருக்கு, இரண்டு மாதப் பணத்தைச் சேர்த்தால் ஓர் அட்டை முட்டை. 2025இல் அந்த ஓய்வூதியத்தை இரட்டிப்பாக்கினார்கள், விலைவாசி அதற்குள் எங்கேயோ போயிருந்தது.

பிறகு எப்படி வாழ்கிறார்கள்? முதல் பதில், மயாமியிலோ மத்ரீத்திலோ இருக்கும் அண்ணனோ மகளோ அனுப்பும் பணம். இரண்டாவது, 'ரெசொல்வெர்'. நேர்ப்பொருள் தீர்ப்பது, கியூபாவில் பொருள் எப்படியாவது சமாளித்துக் கொண்டுவருவது. பேக்கரியில் வேலை பார்ப்பவர் மாவைத் தீர்க்கிறார், பஸ் டிப்போக்காரர் டீசலைத் தீர்க்கிறார், இருவரும் மாற்றிக்கொள்கிறார்கள். இதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை. இடது பக்கமாக வந்தது என்பார்கள். எல்லோரும் கொஞ்சம் சட்டத்தை மீறாமல் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாத நிலை நேர்மையானவர்களை என்ன செய்யும் என்பதுதான் எனக்கு அங்கே அதிகம் உறுத்தும் விஷயம்.

கரண்ட்?

இதுதான் இப்போது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். 2024 அக்டோபர் 18 அன்று மத்தான்சாஸில் உள்ள அந்தோனியோ கித்தேராஸ் அனல் மின்நிலையம் நின்றது, அதோடு நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டது. நவம்பரில் மறுபடி, டிசம்பரில் மறுபடி, 2025 மார்ச்சிலும் செப்டம்பரிலும் மறுபடி. மின்நிலையங்கள் பழையவை. எரிப்பது கந்தகம் நிறைந்த உள்நாட்டுக் கச்சா எண்ணெய், அது கொதிகலனைத் தின்றுவிடும். உதிரிபாகம் வாங்கக் காசும் இல்லை, விற்க ஆளும் குறைவு. மலிவாக எண்ணெய் கொடுத்துவந்த வெனிசுவேலா தானே நொடித்துப்போய் அளவைக் குறைத்தது.

மின்வெட்டுக்கு 'அப்பகோன்' என்று பெயர், பெரிய அணைப்பு. மாகாணங்களில் நாளுக்கு இருபது மணி நேரம் வரை போகத் தொடங்கியதும் ஜனங்கள் 'அலும்பிரோன்' என்ற சொல்லைத் தூசு தட்டி எடுத்தார்கள். பெரிய வெளிச்சம், அதாவது கரண்ட் வருகிற நேரம். இருட்டு வழக்கமாகிவிட்டது, வெளிச்சத்துக்குத்தான் பெயர் வேண்டும்.

இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வருகிறது என்று வையுங்கள். தெரு முழுக்க ஒரு சத்தம் எழும். அம்மா எழுந்து ஊறவைத்த கறுப்பு பயறைக் குக்கரில் போடுகிறாள். மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவது, பிள்ளையின் சீருடையைத் தேய்ப்பது, ஃபோன் எல்லாவற்றையும் சார்ஜ் போடுவது, எல்லாம் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள். நாலு மணிக்கு மறுபடி போய்விடும். ஃபேன் இல்லாத சூட்டில், கொசுவில், மிச்சத் தூக்கம்.

சமையல் ஏன் கரண்டை நம்பியிருக்கிறது என்று கேட்பீர்கள். 2005, 2006இல் ஃபிடல் 'ஆற்றல் புரட்சி' என்று ஒன்றை நடத்தினார். மண்ணெண்ணெய் அடுப்புகளை ஒழிக்க வீடு வீடாகச் சீன ரைஸ் குக்கரும் மின் அடுப்பும் கொடுத்தார்கள். தொலைக்காட்சியில் அவரே குக்கரைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார். அன்று நல்ல யோசனைதான். இன்று கரண்ட் போனால் அடுப்பும் போய்விடுகிறது, மொட்டைமாடியில் கரி மூட்டுகிறார்கள்.

அந்தக் கரி பெரும்பாலும் மராபூ என்ற முள்மரத்திலிருந்து வருகிறது. கைவிட்ட கரும்புக் காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் லட்சக்கணக்கான ஏக்கர் விழுங்கிய மரம். அது வேறு எதுவும் இல்லை, நம்மூர் விடத்தலைதான். 2017 ஜனவரியில், ஐம்பது வருடத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பின் கியூபாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சட்டப்படி ஏற்றுமதியான முதல் சரக்கு என்ன தெரியுமா? சுருட்டு இல்லை, ரம் இல்லை. நாற்பது டன் மராபூக் கரி.

1990களில் இதைவிட மோசமாமே?

பெரியவர்களிடம் கேட்டால் ஒப்பிட்டுப் பார்த்துச் சண்டை போடுவார்கள். கியூபாவின் வெளிநாட்டு வர்த்தகத்தில் சுமார் 85 சதவீதம் சோவியத் முகாமோடு இருந்தது. அது உடைந்ததும் 1989க்கும் 1993க்கும் இடையே பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது. அரசு அதற்கு 'சமாதான காலச் சிறப்புக் காலம்' என்று பெயர் வைத்தது. என்ன ஒரு பெயர்!

பெட்ரோல் இல்லாமல் சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல் சைக்கிள் வந்தது. லாரி இழுக்கும் ராட்சதப் பஸ் ஒன்றை ஓட்டினார்கள், முதுகு இரண்டு இடத்தில் மேடாக இருந்ததால் அதற்கு ஒட்டகம் என்று பெயர். பம்பளிமாஸ் போன்ற பழத்தின் தோலில் உள்ள வெள்ளைப் பகுதியை ஊறவைத்து மசாலா போட்டுப் பொரித்து 'ஸ்டேக்' என்று சாப்பிட்டார்கள். சத்துக் குறைவால் 1991-93இல் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானவர்களுக்குப் பார்வை நரம்பும் கைகால் நரம்பும் பாதிக்கப்பட்டன. வைட்டமின் மாத்திரையை வீடு வீடாகக் கொடுத்துத்தான் கட்டுப்படுத்தினார்கள். அன்று எல்லோருக்குமே ஒரே மாதிரி ஒன்றும் இல்லை, இன்று பக்கத்துக் கடையில் எல்லாம் இருக்கிறது, என்னிடம்தான் காசு இல்லை என்பது வயதானவர்கள் அடிக்கடி சொல்லும் வித்தியாசம்.

அமெரிக்கா தடையை இறுக்கிய இரண்டு சட்டங்களும், 1992, 1996, இந்தக் கெட்ட காலத்தில்தான் வந்தன என்பதையும் கவனியுங்கள்.

ஆனால் மருத்துவம் இலவசம், பிரமாதம் என்கிறார்களே?

இலவசம், இன்றும். பிரமாதமாகவும் இருந்தது. 1984இலிருந்து தெருவுக்கு ஒரு டாக்டர், ஒரு நர்ஸ் என்று குடியிருப்பிலேயே வைத்தார்கள். 2017இல் பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு நான்கு, அமெரிக்காவைவிடக் குறைவு. கொரோனாவுக்குச் சொந்தமாக அப்தாலா, சொபெரானா தடுப்பூசிகளைக் கண்டுபிடித்தார்கள். 2021 செப்டம்பரில் இரண்டு வயதுக் குழந்தைகள் வரை ஊசி போடத் தொடங்கிய முதல் நாடு அதுதான். ஊசி மருந்து இருந்தது, ஆனால் சிரிஞ்சு பற்றாக்குறை! வெளிநாட்டு ஆதரவாளர்கள் காசு திரட்டிச் சிரிஞ்சு அனுப்பினார்கள். தடை என்பதன் முழுப் பொருளும் எனக்கு அந்தச் சிரிஞ்சில் தெரிந்தது.

இன்று டாக்டரைப் பார்ப்பது இலவசம், அவர் எழுதிக் கொடுப்பது மருந்துக்கடையில் இருக்காது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் படுக்கை விரிப்பு, ஃபேன், பல்பு, சில சமயம் தையல் நூல் வரை கொண்டுபோகிறார். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ரத்த அழுத்த மாத்திரைக்குப் பதில் குழந்தைகளுக்கான பால் பவுடர் என்று பண்டமாற்று ஓடுகிறது. டாக்டர்களும் நாட்டைவிட்டுப் போகிறார்கள். 2021இலிருந்து குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு ஏழைத் தாண்டிவிட்டது.

அந்தப் பழைய கார்கள் அழகுக்கா?

சுற்றுலாப் பயணிக்கு அழகு, ஊர்க்காரருக்கு ஷேர் டாக்ஸி. 'அல்மென்ட்ரோன்' என்று பெயர், பெரிய பாதாம்பருப்பு. 1950களின் செவர்லே உடம்புக்குள் சோவியத் லாடாவின் பாகமோ கொரிய டீசல் எஞ்சினோ இருக்கும். புதுக் கார் ஏன் வாங்கவில்லை என்றால், 2014 வரை அதற்கு அரசு அனுமதி வேண்டும். அனுமதி வேண்டாம் என்று ஆனபோது அரசின் ஷோரூமில் பியூஜோ 508இன் விலை 2,62,000 டாலர். இதற்கு அமெரிக்கா காரணம் இல்லை.

இண்டர்நெட் உண்டா?

2015இல் பூங்காக்களில் வைஃபை, 2018 டிசம்பரில் மொபைல் டேட்டா. அதற்கு முன்பும் பின்பும் 'பக்கேத்தே', வாரப் பொட்டலம்: சுமார் ஒரு டெராபைட் தொடர்கள், படங்கள், விளம்பரங்கள், எல்லாம் ஹார்ட் டிஸ்கில் வீடு தேடி வரும். பல அமெரிக்கச் செயலிகள் கியூபா என்று கண்டாலே திறக்காது. சில செய்தித் தளங்களை அந்த ஊர் அரசே அடைத்திருக்கிறது. அதனால் பள்ளிப் பிள்ளைக்கும் விபிஎன் தெரியும்.

கடைசியில் குற்றம் யாருடையது? மழுப்பாமல் சொல்லுங்கள்.

மழுப்பவில்லை. ஒரு வீட்டின் அடுப்பைப் பார்த்தால் இரண்டு கையும் தெரியும். உதிரிபாகம், கடன், கப்பல் வாடகை, வங்கி, இவற்றில் அமெரிக்கக் கை. நிலத்தை முள்மரத்துக்கு விட்டுவிட்டு உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்வது, விவசாயிக்கு நேரத்தில் பணம் கொடுக்காதது, சின்னத் தொழில் செய்ய 2021 வரை நிறுவனம் பதிய விடாதது, இவற்றில் ஹவானாவின் கை. 1989இல் 80 லட்சம் டன் சர்க்கரை எடுத்த நாடு இப்போது சர்க்கரையை இறக்குமதி செய்கிறது. தெருக்கள் இருண்டு கிடந்த அதே வருடங்களில் ஹவானாவின் வேதாதோ பகுதியில் 42 மாடி ஹோட்டலைக் கட்டி முடித்தார்கள். இந்த மாதிரி விஷயங்களுக்குக் கியூபர்களே 'உள் முற்றுகை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல் எனக்குச் சரியாகப்படுகிறது.

ஆனால் ஒன்று. உள் முற்றுகையை எடுக்கச் சொல்ல வேண்டியவர்கள் கியூபர்கள். வெளி முற்றுகையைப் போட்டவர்கள், பசியை உண்டாக்குவதே நோக்கம் என்று தங்கள் கையாலேயே எழுதி வைத்தவர்கள். இரண்டையும் ஒரே தராசில் போட எனக்கு மனம் வரவில்லை.

மக்கள் சும்மாவா இருக்கிறார்கள்?

2021 ஜூலை 11 அன்று ஹவானாவுக்கு வெளியே சான் அந்தோனியோ தெ லோஸ் பாஞோஸில் தொடங்கிய ஊர்வலம் அன்றே நாடு முழுக்கப் பரவியது. அரசு நூற்றுக்கணக்கானவர்களைச் சிறையில் போட்டது, சிலருக்கு நீண்ட தண்டனை. நவம்பரில் நிகரகுவா கியூபர்களுக்கு விசா வேண்டாம் என்றது. வீட்டையும் ஃப்ரிட்ஜையும் விற்று மனாகுவாவுக்கு டிக்கெட் எடுத்து, அங்கிருந்து தரைவழியாக அமெரிக்க எல்லைக்குப் போனார்கள். எங்கே கிளம்பிவிட்டாய் என்றால், "எரிமலை பார்க்க" என்று பதில், நிகரகுவாவில் எரிமலைகள் அதிகம். 2020இல் 1 கோடியே 11 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 2024 முடிவில் ஒரு கோடிக்குக் கீழ் வந்துவிட்டது. போனவர்கள் இளையவர்கள். அதனால் வரிசையில் நிற்பவர்களின் வயதும் கூடிவிட்டது.

உலகம் என்ன சொல்கிறது?

1992 முதல் ஐ.நா. பொதுச்சபை ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் தடையை எடுக்கச் சொல்லி ஓட்டுப் போடுகிறது. 2016இல் 191க்குப் பூஜ்யம், அமெரிக்காவே நடுநிலை. 2024இல் 187க்கு 2. 2025இல் ஆதரவு 165 ஆகக் குறைந்தது, எதிர்ப்பு 7. இந்தியா தொடர்ந்து தடைக்கு எதிராகத்தான் ஓட்டுப் போடுகிறது. பலன் ஒன்றும் இல்லை, அந்தத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது.

நம் பக்கத்திலிருந்து போன ஒன்றைச் சொல்ல வேண்டும். சிறப்புக் காலத்தின் நடுவே, 1992இல், மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் ஹர்கிஷன் சிங் சுர்ஜித் முன்னின்று இந்தியாவில் கோதுமை திரட்டினார். 10,000 டன் கப்பலேறியது. நரசிம்ம ராவ் அரசும் தன் பங்குக்குக் கொடுத்தது. அந்த மாவில் சுட்ட ரொட்டி எத்தனை நாள் வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் போடட்டும்.

ஓர் அமெரிக்க அதிபர் நினைத்தால் தடையை எடுத்துவிடலாமா?

முடியாது. 1996இன் ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டம் தடையை நாடாளுமன்றத்தின் கையில் கொடுத்துவிட்டது. அரசியல் கைதிகள் விடுதலை, தேர்தல் என்று நிபந்தனைப் பட்டியல் நீளம். மாற்று அரசில் ஃபிடலோ அவர் தம்பி ராவுலோ இருக்கக்கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. நாட்டுடைமையான சொத்துக்காக அமெரிக்கா சான்றளித்த 5,913 உரிமைக் கோரிக்கைகளும் இன்னும் தீரவில்லை. அதிபரால் முடிந்தது ஓரங்களைத் தளர்த்துவது. ஒபாமா 2014 டிசம்பருக்குப் பிறகு தளர்த்தினார், ஹவானாவில் சாப்பாட்டுக் கடைகளும் வாடகை அறைகளும் துளிர்த்தன. டிரம்ப் வந்து இறுக்கினார், பைடன் பெரும்பாலும் அப்படியே விட்டார்.

நான் போகலாமா? போனால் என்ன எடுத்துப் போவது?

போகலாம். அமெரிக்க வங்கி கொடுத்த அட்டை அங்கே செல்லாது, மற்ற அட்டைகளையும் நம்ப வேண்டாம். யூரோவை நோட்டாகக் கொண்டுபோங்கள். அரசு ஹோட்டலைவிட வீட்டு அறைகளில் தங்கினால் காசு நேராகக் குடும்பத்துக்குப் போகும், காபியில் எவ்வளவு பட்டாணி என்றும் தெரியும். 2021 ஜூலை போராட்டத்துக்குப் பின் உணவு, மருந்து, சோப்பு வகைகளைப் பயணிகள் கொண்டுவந்தால் சுங்க வரி இல்லை என்று ஆக்கினார்கள். அதனால் பெட்டியில் சட்டையைக் குறைத்து பாராசிட்டமால், ஆன்டிபயாட்டிக் களிம்பு, சானிட்டரி நாப்கின், பேட்டரி, சார்ஜ் ஏறும் விளக்கு, ஊசி நூல் வையுங்கள். யாரிடமும் பிச்சை போல நீட்ட வேண்டாம். தங்கியிருக்கும் வீட்டு அம்மாவிடம் கொடுத்தால் போதும், அந்தத் தெருவில் யாருக்கு எது இல்லை என்று அவருக்குத் தெரியும்.